வழக்கமாக இங்கே வசிப்பவர்

“ஒன்பது பேர்” என்றார் ஹெய்பா. விரல் விட்டு எண்ணவில்லை, யோசிக்கவுமில்லை. தேநீர்க் கெண்டியை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, நூல் இழுத்த மாதிரி, ஒரு சொட்டு சிந்தாமல் சின்னக் கண்ணாடிக் குவளைக்குள் இறக்கிக்கொண்டே சொன்னார். சல்கா மடியிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தாள். ‘குடும்பத்தில் உள்ளோர் எண்ணிக்கை’ என்ற கட்டத்துக்குள் சின்னக் கோடு ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அவள் எதையும் அழுத்தவில்லை.

வண்டி கடைசி மணல்மேட்டில் ஏறி இறங்கும்போதே அவள் எண்ணியிருந்தாள். கருவேல மரத்தை ஒட்டி வெள்ளைத் துணியில் தைத்த பெரிய கூடாரம். அதற்குப் பின்னால், கூப்பிட்டால் காது கேட்கிற தூரத்தில், அரிசிச் சாக்கும் கிழிந்த துணியுமாக ஒட்டுப்போட்ட சின்னது ஒன்று. இரண்டிலிருந்தும் தனித்தனியாகப் புகை வந்துகொண்டிருந்தது. திஜிக்ஜாவில் நான்கு நாள் பயிற்சி கொடுத்தபோது மேற்பார்வையாளர் வேறு எதைச் சொன்னாரோ இல்லையோ, இதை மட்டும் பத்துத் தடவை சொன்னார்: தனி அடுப்பு என்றால் தனிக் குடும்பம். யார் என்ன உறவு சொன்னாலும், ஒவ்வொரு அடுப்புக்கும் நேரில் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதைச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “ஆனா எங்கயும் பிரச்சினை பண்ணிக்காதீங்க” என்றும் சொன்னார். இரண்டையும் ஒன்றாக எப்படிச் செய்வது என்று அவர் சொல்லித்தரவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்த இந்த மூன்று வாரத்தில் சல்கா நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களை எழுதியிருந்தாள். மற்ற மாதங்களில் அவள் திஜிக்ஜாவில் ஆறாம் வகுப்புக்குப் புவியியல் நடத்துபவள். மூரித்தானியாவின் நான்கில் மூன்று பங்கு பாலை, வடக்கே இரும்பு, மேற்கே மீன், தெற்கே ஆறு என்று பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்வார்கள். அப்ப நம்ம பக்கம் என்ன டீச்சர் என்று யாராவது கேட்டால், பேரீச்சையும் ஆடு மாடும் என்று பாடப்புத்தகத்தில் உள்ளதைச் சொல்லுவாள். மனிதர்களைப் பற்றி அந்தப் பாடத்தில் அரைப்பக்கம்தான் இருந்தது. பல இனத்தவர் ஒற்றுமையாக வாழ்கிறார்கள் என்று முடியும் அரைப்பக்கம்.

ஹெய்பா பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர், அவர் மனைவி தெஸ்லம், ஒட்டகங்களோடு கிழக்கே போயிருக்கும் இரண்டு பெரிய மகன்கள், நான்கு வயதுக் கடைக்குட்டி. ஐந்து. பிறகு வர்தா, வர்தாவின் மகள் மெய்மூனா, அதற்குக் கீழே இரண்டு. ஆக ஒன்பது. சல்கா முதல் ஐந்தை எழுதிவிட்டு, வர்தா உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டாள். கட்டத்தில் மனைவி, பிள்ளை, பெற்றோர், உறவினர், உறவல்லாதவர் என்று ஐந்தே ஐந்து விடைகள்தான் இருந்தன.

“உறவா?” ஹெய்பா சிரித்தார். பல்லெல்லாம் வரிசையாக, நல்ல சிரிப்பு. “எங்க வீட்டு ஆளும்மா அவ. எம் பொண்டாட்டியும் அவளும் ஒரே மார்ல பால் குடிச்சவங்க. இத எந்தக் கட்டத்துல எழுதுவீங்களோ எழுதிக்கோங்க.”

சட்டத்தில் அந்தச் சொல் இல்லாமல் போய் எத்தனையோ வருடமாயிற்று. வர்தாவின் தாயும், தாயின் தாயும் ஹெய்பாவின் குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்தவர்கள் என்பதை இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கிணறு யாருடையது, ஆடு யார் பேரில், முதலில் யார் உட்காருகிறார்கள் என்பதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். சல்காவுக்கு அதைத் தெரிந்துகொள்ள ஒரு நொடி போதும். அது அவள் வீட்டுக் கதையும்தான்.

பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்த டிரைவர் ஸைன் அவளைப் பார்க்காமல் தன் குவளையைப் பார்த்தான். அவன் ஹெய்பாவின் குலத்தான். அவன் அப்பாவும் ஹெய்பாவும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள். வரும்போதே சொல்லியிருந்தான்: டீச்சர், இது என் சித்தப்பா வீடு மாதிரி, அரைமணி நேரத்துல முடிச்சிட்டுக் கிளம்பிடலாம், மத்தியானம் காத்து கிளம்பினா தடமே தெரியாது. நல்ல பையன். மூன்று வாரத்தில் இரண்டு தடவை மணலில் புதைந்த வண்டியைத் தனியாளாகத் தோண்டி எடுத்தவன். அவன் இல்லாமல் இங்கிருந்து அவள் எங்கும் போக முடியாது.

தனி அடுப்பு இருக்கிறதே, நான் அங்கேயும் போய்க் கேட்க வேண்டும் என்று சல்கா மெதுவாகச் சொன்னாள். ஹெய்பா இரண்டாவது குவளையை ஊற்றினார். வெயிலில் எதற்கு நடக்கிறீர்கள், அவளையே இங்கே கூப்பிடுகிறேன் என்றார். விதி அப்படியில்லை என்றாள். போன வாரம் வட்டாரத்தை ஆளுகிற ஹாக்கிமே இதே பாயில் உட்கார்ந்து பால் குடித்துவிட்டுப் போனார், தேர்தல் வந்தால் பெட்டியை இந்த மரத்தடியில்தான் வைக்கிறார்கள், இதுவரை வந்த யாரும் பின்னால் இருக்கிற கூடாரத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டதில்லை என்றார். கோபமே இல்லாமல், ஊர்நிலவரம் சொல்கிற குரலில் சொன்னார். பிறகு அதே குரலில் கேட்டார்.

“நீங்க யாரோட மகள்?”

மூன்று வாரமாக எல்லாக் கூடாரத்திலும் கேட்ட கேள்விதான். சில இடங்களில் சல்கா ஊர் பேரைச் சொல்லித் தப்பியிருந்தாள். இங்கே ஏனோ நேராகச் சொன்னாள். “பிலாலோட மகள். அப்பா ஷூம்ல ரயில் பாதையில வேலை பார்த்தாரு. தண்டவாளத்துல ஏறுற மண்ண அள்ளிப் போடற வேலை.”

பிலால் என்ற பேரும் மண் அள்ளும் வேலையும் போதும், அவள் எந்த வம்சத்தவள் என்று தெரிந்துகொள்ள. ஹெய்பா தலையை ஆட்டினார். இரும்புத்தாது ஏற்றிய ரயில், முன்னாலும் பின்னாலும் முடிவே தெரியாத நீளத்தில், கடலைப் பார்த்துப் போகும். அது தடம் புரளாமலிருக்க வெயிலில் முப்பது வருடம் மண்வெட்டி பிடித்தவர் அவள் அப்பா. நாட்டின் சோறு அந்த ரயிலில்தான் போகிறது என்று பெருமையாகச் சொல்வார். ஹெய்பா அவளுக்கு நீட்டிய குவளையைப் பாதியில் நிறுத்தி, முதலில் ஸைனிடம் கொடுத்தார்.

“அப்படியா. நல்லது” என்றார். “சரி, போய்ப் பாத்துட்டு வா.”

‘வாங்க’ என்று வரவேற்ற வாய். சல்கா எழுந்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ளும்போது அவர் பின்னாலிருந்து இன்னொன்றும் சொன்னார். சொன்னது அவளிடமல்ல, ஸைனிடம். வர்தாவோட பொண்ண போகும்போது ஏத்திக்கிட்டுப் போயிடு, திஜிக்ஜாவுல தெஸ்லமோட அண்ணன் காத்துக்கிட்டிருப்பான், அவன் நுவாக்சோட்டுக்கு பஸ் ஏத்திவிட்டுடுவான். அங்க அவங்க பெரியக்கா வீட்டுல ஆள் இல்லாம கஷ்டப்படறாங்க. ஸைன் தலையசைத்தான். முன்பே பேசி வைத்த விஷயம் என்று அந்தத் தலையசைப்பிலேயே தெரிந்தது. அரசாங்க முத்திரை ஒட்டிய வண்டி. பின்னிருக்கையில் அவளுடைய பையை நகர்த்தி வைத்துவிட்டு ஒரு சிறுமியை உட்கார வைக்கப் போகிறார்கள்.

வெயில் தலையில் கல்லை வைத்தது போல் இறங்கியது. அறுபது எழுபது அடி தூரம்தான். பாதி வழியில் தெஸ்லம் வந்து சேர்ந்துகொண்டாள். உடம்பைச் சுற்றிய நீல மெல்ஃபாத் துணியை நெற்றிவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். பருத்த உடம்பு, நடையில் மூச்சு வாங்கியது. நானும் வரேன், அவளுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது என்றாள். வேண்டாம் என்று சொல்ல சல்காவுக்கு உரிமை இருந்தது. படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் அப்படி எழுதியே இருந்தது. அவள் சொல்லவில்லை. ஒரே நாளில் எத்தனை பேருடன் மல்லுக்கு நிற்பது.

வர்தா உரலில் கம்பு இடித்துக்கொண்டிருந்தாள். இவர்களைக் கண்டதும் உலக்கையைச் சாய்த்துவிட்டு, இருந்த ஒரே பாயை உதறிப் போட்டாள். ஒல்லியான, உயரமான பெண். கூடாரத்துக்குள் இரண்டு சின்னப் பிள்ளைகள் தூங்கினார்கள். மெய்மூனா கம்பத்தை ஒட்டி நின்றாள். அவளுக்கு முடி வாரி, இறுக்கிப் பின்னி, எண்ணெய் வைத்திருந்தார்கள். பக்கத்தில் முடிந்து வைத்த சிறு துணி மூட்டை. பிரயாணத்துக்கு ஆயத்தமாக்கியிருந்தார்கள். அந்தப் பெண் அழவில்லை. அழுது முடித்த முகமாக இருந்தது.

சல்கா கேட்க ஆரம்பித்தாள். கூரை என்ன, தரை என்ன, விளக்கு உண்டா, தண்ணீர் எங்கிருந்து. ஒவ்வொன்றுக்கும் வர்தா சுருக்கமாகப் பதில் சொன்னாள். சொல்லுமுன் தெஸ்லமின் பக்கம் ஒரு பார்வை போய் வந்தது. வயது தெரியாது என்றாள். வயது தெரியாதவர்களுக்கென்றே சல்காவிடம் ஒரு தாள் இருந்தது. வறட்சி, வெள்ளம், வெட்டுக்கிளி, ஆட்சி மாற்றம் என்று வருடங்களும் சம்பவங்களும் போட்டது. ராணுவம் ஆட்சியப் புடிச்ச வருஷம் நீங்க எவ்வளவு பெரியவங்க என்று கேட்டாள்.

“எந்தத் தடவை?” என்றாள் வர்தா.

தெஸ்லம் களுக்கென்று சிரித்துவிட்டாள். சல்காவும் சிரித்தாள். ஒரு கணம் மூன்று பெண்கள் ஒரு பாயில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெட்டுக்கிளி வந்த வருஷம் நான் மெய்மூனா உயரம் இருந்தேன் என்று வர்தாவே பிறகு சொன்னாள். முப்பத்திரண்டு என்று சல்கா போட்டாள். ஆமாம், அவளுக்கு நான் ஒரு வயசு மூப்பு என்றாள் தெஸ்லம், வர்தாவின் தோளில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டபடி. அந்தக் கையில் பாசம் இருந்தது. அதுதான் சல்காவுக்கு அச்சமாக இருந்தது.

“குடும்பத் தலைவர் யாரு?”

“ஹெய்பா” என்றாள் தெஸ்லம்.

சல்கா வர்தாவையே பார்த்தாள். உங்க கணவர் என்று கேட்டாள். நுவாதிபூவுக்கு மீன் படகு வேலைக்குப் போனார் என்றாள் வர்தா. எப்போது? இதோ இந்தச் சின்னவன் வயித்துல இருக்கறப்போ. சின்னவனுக்கு நான்கு வயதாவது இருக்கும். ஒரு அண்ணன் இருக்கிறான், அவன் தங்கம் தோண்டுகிற இடத்தில், ஷாமியில். அவனிடமிருந்தும் தகவல் இல்லை. அப்ப இந்த அடுப்புக்கு யார் பொறுப்பு? வர்தா உரலுக்குள் இருந்த கம்பைப் பார்த்தாள். நான்தான் இடிக்கிறேன், நான்தான் எரிக்கிறேன் என்றாள். சல்கா ‘வர்தா’ என்று எழுதினாள். தெஸ்லம் ஏதோ சொல்ல வாயெடுத்து, மெல்ஃபாவின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

மெய்மூனாவின் பெயருக்கு நேரே வந்தபோது சல்காவின் விரல் நின்றது. எல்லோருக்கும் கேட்கிற கேள்விதான். நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் மூச்சு விடாமல் வாசித்துத் தள்ளிய கேள்வி. இவர் வழக்கமாக இங்கே வசிப்பவரா, அடுத்த ஆறு மாதமும் இங்கே இருக்க எண்ணமா? இதைத் தாண்டிப் போய்விடலாம். ‘ஆம்’ என்று தானே போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது. ‘இல்லை’ என்று போட்டாலும் அது உண்மையாகத்தான் இருக்கும். கேட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அவளுடைய சித்தி ஒருத்தி இப்படித்தான் பதினோரு வயதில் தலைவாரிப் பின்னிக்கொண்டு தலைநகர் நுவாக்சோட்டுக்கு பஸ் ஏறினாள். திரும்பி வந்தபோது சல்காவுக்கே பிள்ளை பிறந்திருந்தது.

“மெய்மூனா அடுத்த ஆறு மாசமும் இங்கதான் இருப்பாளா?”

“இல்ல” என்றாள் தெஸ்லம். “இன்னைக்கே போறா. எங்கக்கா வீட்டுக்கு. நல்ல சாப்பாடு, நல்ல துணி. கடல் பக்கம். இந்த மண்ணுல கெடந்து என்ன பண்ணப் போறா.”

சின்னவன் தூக்கத்தில் புரண்டான். காற்று லேசாக எழுந்து கூடாரத்தின் சாக்குத்துணியை உப்ப வைத்து விட்டது. சல்கா கேள்வியை மறுபடி கேட்கவில்லை, காத்திருந்தாள். வர்தா எழுந்து போய் மெய்மூனாவின் பக்கத்திலிருந்த துணி மூட்டையை எடுத்தாள். முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இருந்தது ஒரு பாவாடையும் ஒரு சீப்பும்தான். இரண்டையும் கூடாரத்தின் உள்பக்கம், தன் சாமான்களோடு வைத்தாள்.

“இங்கதான் இருப்பா” என்றாள். “எழுதுங்க டீச்சர்.”

“வர்தா” என்றாள் தெஸ்லம். கூப்பிடுகிற மாதிரியும் இருந்தது, கெஞ்சுகிற மாதிரியும் இருந்தது. “அவரு கிட்ட நான் என்னடி சொல்றது?”

“நான் சொன்னேன்னு சொல்லு.”

தெஸ்லம் எழுந்திருக்க நேரம் பிடித்தது. கையை ஊன்றி எழுந்து, இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் போகும்வரை வர்தா நிமிர்ந்து நின்றாள். போனதும் பாயில் உட்கார்ந்தாள். டேப்லெட்டின் பக்கம் கையைக் காட்டிக் கேட்டாள்: “இதுல எழுதினா காகிதம் வருமில்ல? இவ எம் பொண்ணு, என்கிட்டதான் இருக்கணும்னு காகிதம்?”

வரும் என்று ஒரு சொல் சொன்னால் போதும். இந்தப் பெண் இன்றிரவு நிம்மதியாகத் தூங்குவாள்.

“வராது” என்றாள். “இது எத்தனை பேர் இருக்கோம்னு எண்ணறதுக்கு மட்டும்தான். அடையாளக் காகிதத்துக்கு நீங்க திஜிக்ஜா வரணும். நான் கூட வருவேன். ஆனா இது அது இல்ல.”

வர்தா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

“அப்ப எதுக்குக் கேட்டீங்க?”

சல்காவின் முகத்தைப் பார்த்து வர்தாவுக்கே மனம் இளகியதோ என்னவோ, சரி, சொன்னது சொன்னதுதான் என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போய் உலக்கையை எடுத்தாள். மெய்மூனா ஓடிவந்து அவளோடு சேர்ந்து உலக்கையைப் பிடித்துக்கொண்டாள். நான்கு கைகளுமாக இடித்தார்கள்.

ஹெய்பா சத்தம் போடுவார் என்று சல்கா எதிர்பார்த்தாள். சத்தத்துக்கு அவள் தயாராக இருந்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை வெளியே எடுத்துவிட்டிருந்தாள். ஹெய்பா சத்தம் போடவில்லை. பெரிய கூடாரத்திலிருந்து நிதானமாக வெளியே வந்தார். நீல அங்கியின் கைகளைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டார். கிணற்றடிக்குப் போனார். கவட்டை மரத்தில் மாட்டியிருந்த கயிற்றை எடுத்து, முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்றிச் சுற்றி ஒரு பெரிய சுருளாக்கினார். வண்டி டயரின் உள்ரப்பரில் தைத்த வாளியை அதன் மேல் வைத்தார். இரண்டையும் சுமந்துகொண்டு தன் கூடாரத்துக்குத் திரும்பி, பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு, மூன்றாவது தேநீருக்குச் சர்க்கரை உடைக்க உட்கார்ந்தார். உலக்கைச் சத்தம் நின்றுவிட்டது.

சல்கா போய் அவர் எதிரே நின்றாள். உட்காரச் சொல்லவில்லை.

“தாகத்துக்குத் தண்ணி இல்லன்னு சொல்றது பாவம் இல்லையா?”

“யாரு இல்லன்னு சொன்னா?” ஹெய்பா நிமிர்ந்து பார்த்தார். “தண்ணி அல்லாவோடது. யாரு வேணா எடுத்துக்கலாம். கயிறும் வாளியும் என்னோடது.” சர்க்கரைக் கட்டியை இன்னொரு தட்டு தட்டினார். “தனிக் குடும்பம்னு எழுதிட்டியாமே. தனிக் குடும்பத்துக்குத் தனிக் கயிறு வேணுமில்ல.”

கிணறு இருபது ஆள் ஆழம். அடுத்த கிணறு நடந்தால் ஒரு பகல் தூரம், அதுவும் பெரியவர்கள் நடந்தால். ஸைன் எழுந்து வெளியே வந்து சல்காவை வண்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். தாழ்ந்த குரலில், அவசர அவசரமாகப் பேசினான். டீச்சர், அழிச்சிடுங்க. ஒன்பது பேர், ஒரே குடும்பம்னு மாத்திப் போட்டுட்டா கயிறு திரும்ப வந்துடும். நீங்க போயிடுவீங்க, நானும் போயிடுவேன், அவங்கதான் இங்க கெடக்கணும். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் அவளால் அவனைத் திட்டவும் முடியவில்லை. டேப்லெட்டைத் திறந்தாள். திருத்தம் என்ற பொத்தான் மூலையில் இருந்தது. நூற்றுப் பதினான்கை நூற்றுப் பதின்மூன்றாக்க இரண்டு தட்டல் போதும். நுவாக்சோட்டில் எங்கோ குளிரூட்டிய அறையில் கூட்டிக் கழிக்கிற யாருக்கும் இந்த ஒன்று குறைவது தெரியப் போவதில்லை. என்ன செய்யட்டும் என்று வர்தாவைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று திரும்பினாள்.

சின்னக் கூடாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

முதலில் காற்றுதான் காரணம் என்று நினைத்தாள். பிறகு பார்த்தால், வர்தா முளைக்குச்சியருகே மண்டியிட்டு, கூடாரத்தை இழுத்துக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த முளைக்கு நகர்ந்தாள். பிள்ளைகள் இரண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெயிலில் நின்றன. எதிர்ப்பக்கத்தில் மெய்மூனா பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தாள். நான்காவது கயிறு அவிழ்ந்ததும் நடுக்கம்பம் விழுந்தது. சாக்குத்துணி மூச்சு விட்டது போல மெல்லத் தரையில் படிந்தது. எட்டுக் கயிறுகள். இரண்டு கருக்கல் நிறத்தில் ஆட்டுமயிர், ஒன்று பச்சை நைலான், மீதி என்ன நாரென்றே தெரியாமல் இற்றுப்போன பழசுகள். வர்தா மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, ஒவ்வொரு முடிச்சையும் குதிகாலால் மிதித்து இழுத்துப் பார்த்தாள். ஆடு கட்டும் கயிற்றையும் சேர்த்தாள். கட்டியிருந்த ஆடுகள் ஹெய்பாவுடையவை. அவை இரண்டடி நகர்ந்து, விடுபட்டது தெரியாமல் அங்கேயே நின்றன.

சல்கா போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். எழுதினதை மாத்தணுமா என்று கேட்க வந்தவள், கேட்கவில்லை.

சேர்த்துக் கட்டியதை வர்தா கையை விரித்து அளந்தாள். பதினாறு ஆள் வந்தது. இன்னும் நான்கு ஆள் குறைவு. வாளியும் இல்லை. அவள் சுற்றிலும் பார்த்தாள். தன் மெல்ஃபாவின் ஓரத்தைக் கையில் பிடித்துப் பார்த்தாள், கிழித்தால் எவ்வளவு நீளம் தேறும் என்று.

வண்டியின் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஸைன் இருக்கைக்கு அடியிலிருந்து, வண்டியைக் கட்டி இழுக்கிற தடித்த கயிற்றை வெளியே எடுத்தான். அதைத் தோளில் போட்டுக்கொண்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் வைத்திருந்த மஞ்சள் நிற எண்ணெய்க் கேனை எடுத்து, அதிலிருந்த தண்ணீரை இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கும் கையில் ஊற்றிக் குடிக்க வைத்தான். மிச்சத்தைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டான். பிறகு கத்தியால் கேனின் மேல்பாகத்தைச் சுற்றிலும் அறுக்க ஆரம்பித்தான். யாரையும் பார்க்காமல், ரிப்பேர் வேலை பார்க்கிற கவனத்தோடு அறுத்தான்.

ஹெய்பா கூடார வாசலில் வந்து நின்றிருந்தார்.

“ஸைன்” என்றார். “உங்கப்பாகிட்ட நான் என்ன சொல்லட்டும்?”

ஸைனின் கத்தி நின்றது. காது மடல் சிவந்து போயிருந்தது. அவனுக்கு வரும் குளிர்காலத்தில் கல்யாணம். பெண் ஹெய்பாவின் தங்கை மகள். வழியெல்லாம் அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தான்.

“தாகமா இருந்தாங்கன்னு சொல்லுங்க சித்தப்பா” என்றான். மீதியை அறுத்து முடித்தான்.

ஹெய்பாவின் பின்னால் தெஸ்லம் வந்து நின்றாள். கடைக்குட்டியை இடுப்பில் வைத்திருந்தாள். பாயின் ஓரத்திலிருந்த ரப்பர் வாளியைப் பார்த்தாள், கிணற்றடியைப் பார்த்தாள். பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டாள். இறக்கிவிட்ட பிறகு கைகளை என்ன செய்வதென்று தெரியாதவள் போல நின்றாள்.

காற்று வலுத்துக்கொண்டிருந்தது. மேற்கே மேட்டு விளிம்புகள் கலங்கத் தொடங்கிவிட்டன. வந்த தடம் பாதி மூடியிருந்தது. கிளம்புவதானால் இப்போதே கிளம்ப வேண்டும். ஸைன் அதைச் சொல்லவில்லை, சல்காவும் சொல்லவில்லை. டேப்லெட்டைப் பையில் போட்டு மூடி, பையை வண்டிக்குள் வீசிவிட்டு வந்தாள். கேனின் காதில் ஸைனின் கயிற்றைக் கட்டினார்கள். அதன் மறுமுனையில் வர்தாவின் கயிறு. கவட்டை மரத்தின் தேய்ந்த பள்ளத்தில் அதை உட்கார வைத்து வர்தா இறக்க ஆரம்பித்தாள். கால்களை அகட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, கைமாற்றிக் கைமாற்றி விட்டாள். அவளுக்குப் பின்னால் சல்கா, அவளுக்கும் பின்னால் ஸைன். மெய்மூனா கிணற்று வாயில் குப்புறப் படுத்து, தலையை உள்ளே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேன் தண்ணீரைத் தொட்டதும் இறக்கிக் காட்டுவதற்காக ஒரு கையை மட்டும் மேலே தூக்கி வைத்திருந்தாள். பச்சை நைலான் போயிற்று. ஆட்டுமயிர்க் கயிறு போயிற்று. ஒவ்வொரு முடிச்சும் மரத்தில் இடித்து, ஒரு கணம் தயங்கி, தாண்டி இறங்கியது. வர்தாவின் காலடியில் கிடந்த சுருள் சிறுத்துக்கொண்டே வந்தது. அந்தச் சின்னக் கை இன்னும் அப்படியே நின்றது.